பூவை அனுப்புங்கள், கெமராவை அனுப்பாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் இருக்கும் நம்மட ஊர்ச் சகோதரர்களுக்கென்றே எழுதுகிறேன். டியூட்டி முடிந்து ரூமுக்கு வந்த பிறகாவது வாசியுங்கள்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு திங்கட்கிழமை. இடைவேளை மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். என் வகுப்பில், தரம் 4 இல், ஒரு பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். "ஏன் மகள் சாப்பிடல்ல?" என்று கேட்டேன்.

"இண்டைக்குச் சாப்பாடு கொண்டு வரல்ல டீச்சர். உம்மா அழுதுக்கிட்டு இரிக்கா."

"என்னத்துக்கு?"

"வாப்பா பூ அனுப்பினதுக்கு."

பத்து வருடத்துக்கு மேலாகப் படிப்பிக்கிறேன். வாப்பா காசு அனுப்பாததற்கு உம்மா அழுததைப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பூ அனுப்பியதற்கு அழுத உம்மாவை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையோடேயே வீட்டுக்குப் போனேன்.

இதை எழுதலாமா என்று அந்தத் தங்கச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாம எழுதுங்க டீச்சர். நாலு ஆம்பிளையளுக்கு வெளங்கட்டும்" என்றா. ஆகவே யாரென்று தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் எழுதிக் கெட்டித்தனம் காட்ட வேண்டாம். எழுதினால் அழித்துவிடுவேன்.

நடந்தது இதுதான். கணவர் கட்டாரில் டிரைவர். ஊருக்கு வந்து இரண்டரை வருடம். அந்தச் சனிக்கிழமை அவர்களுடைய கலியாணம் முடிந்து பத்து வருடம். பேஸ்புக்கில் ஒரு பக்கத்தைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே டெலிவரி, கேக், பூச்செண்டு, சர்ப்ரைஸ் வீடியோ. மற்ற ஊர்களில் பெண்கள் அதிர்ந்து, சிரித்து, கண்கலங்கும் வீடியோக்கள் அந்தப் பக்கத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. தன் பெண்சாதியும் அப்படிச் சிரிப்பா என்று ஆசைப்பட்டிருக்கிறார். அந்த ஆசையில் நான் ஒரு குறையும் காணவில்லை.

பகல் பதினொரு மணி இருக்கும். இரண்டு இளந்தாரிகள் மோட்டார் சைக்கிளில் வந்து கடப்படியில் ஹோர்ன் அடித்திருக்கிறார்கள். தங்கச்சி குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவ. யாரோ கரண்ட் பில்காரர் என்று நினைத்து, வீட்டு உடுப்போடு, தோளில் கிடந்த துவாயைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கா. ஒருவன் பூவை நீட்டுகிறான். மற்றவன் ஃபோனை நீட்டுகிறான். முதல் இரண்டு செக்கன் சிரிப்பு வந்தது உண்மை என்று அவவே சொன்னா. மூன்றாவது செக்கனில்தான் தன் கோலம் விளங்கியிருக்கிறது. முகத்தைப் பூச்செண்டால் மறைத்துக்கொண்டு உள்ளே ஓடியிருக்கா.

அந்த ஓட்டத்தைத்தான் அவர்கள் வீடியோவின் கடைசியில் இரண்டு தரம், மெதுவாக ஓடவிட்டு, ஒரு பகிடி மியூசிக்கும் போட்டு ஏற்றினார்கள்.

மஃரிபுக்குள் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் அது வந்துவிட்டது. கமெண்டுகளை இங்கே திருப்பி எழுத எனக்கு மனமில்லை. வெளிநாட்டுக் காசு கூடிவிட்டது என்று ஒரு கூட்டம். மார்க்கம் பேசிய ஒரு கூட்டம், அதே வீடியோவை இன்னொருவருக்கு அனுப்பிக்கொண்டே. உடுப்பைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் எழுதிய சிலரின் பெயரைப் பார்த்தேன். அதில் ஒருவர் என்னோடு கல்வியியற் கல்லூரியில் படித்தவர், இன்றைக்கு ஒரு பாடசாலையில் சேர். அவருக்குத் தெரியும் நான் அவரைத்தான் சொல்கிறேன் என்று.

தங்கச்சி அந்தப் பக்கத்துக்கு மெசேஜ் போட்டு அழிக்கச் சொல்லியிருக்கா. வந்த பதில்: "உங்கட கணவர்தான் வீடியோவுக்கு ஓகே சொன்னவர்." மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். அதற்குள் டிக்டொக்கில் யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள். அதை யார் எடுப்பது?

கணவர் ஓகே சொன்னாராம். அந்த முகம் கணவருடையதா?

அவரோடும் கதைத்தேன். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தந்தா. மனுசன் அழுதார். "டீச்சர், ஓடர் போடக்குள்ள வீடியோ ஃப்ரீ எண்டு கிடந்திச்சி. ஃப்ரீதானே எண்டு டிக் போட்டன். எனக்கு மட்டும் அனுப்புவாங்க எண்டுதான் நினைச்சன்."

இந்த ஃப்ரீ என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பூவுக்குக் காசு, கேக்குக்குக் காசு, வாழ்த்து அட்டைக்குக்கூடத் தனியாகக் காசு எடுக்கிறவர்கள், இரண்டு பேர் பெற்றோல் எரித்து வந்து எடுத்து, மினக்கெட்டு எடிட் பண்ணும் வீடியோவை ஏன் சும்மா தருகிறார்கள்? அந்த வீடியோதான் அவர்களின் விளம்பரம். அடுத்த ஓடர் அதைப் பார்த்துத்தான் வருகிறது. விளம்பரத்தில் நடிப்பவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். உங்கள் பெண்சாதி, உங்கள் உம்மா, உங்கள் தங்கச்சி சம்பளமில்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் நடிக்கவைக்கப்படுகிறார்கள். போதாததற்கு அந்தச் சூட்டிங்குக்கு வேண்டிய பூவையும் நீங்களே காசு கட்டி வாங்கிக் கொடுக்கிறீர்கள்.

அதிலும் நம்மட பகுதி வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். பெண்பிள்ளைக்கு வீடு எழுதும் ஊர் இது. ஒரு வளவுக்குள் உம்மா வீடு, பக்கத்தில் ராத்தா வீடு, பின்னால் தங்கச்சி வீடு. மருமகன்மார்தான் வந்து சேர்ந்தவர்கள். கடப்படியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால் நாலு வீட்டு யன்னல் திறக்கும். இங்கே பெண்ணுக்குத் தன் வாசல்தான் பெரிய சொத்து. அந்த வாசலிலேயே அவவைக் கூனிக் குறுகவைத்துவிட்டு அதற்குச் சர்ப்ரைஸ் என்று பெயர்.

இனி இந்தக் கதையின் மற்றப் பக்கத்துக்கு வருகிறேன். அது இன்னும் கனபேருக்குத் தெரியாது.

அன்றைக்கு வந்த பூச்செண்டை மேசையில் பார்த்தேன். சிவப்பு ரோஸ் பன்னிரண்டு, சுற்றிவர வெள்ளைப் பொட்டுப் பொட்டாக ஒரு சின்னப் பூ, கறுப்புக் கடதாசி. அந்த ரிபன் முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு. கட்டினவ அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஒரு ராத்தா. அவவுடைய மகன் என்னிடம்தான் படித்தான்.

அன்றைக்கே டெலிவரி என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? கொழும்பிலிருந்து விமானத்திலா பூ வருகிறது? கொழும்பிலிருந்து நமக்கு இரவு பஸ்ஸில் ஏறினால் விடியத்தான் வந்து சேரலாம். காலையில் ஓடர் போட்டுப் பின்னேரம் பூ கிடைக்கிறதென்றால், அந்தப் பூ ஏற்கெனவே நம்மட ஊரில் ஒருவருடைய வீட்டில் வாளித் தண்ணீருக்குள் நிற்கிறது என்று அர்த்தம். நீங்கள் காசு கட்டும் கம்பனி, அந்த ஒருவருக்கு ஒரு கோல் எடுக்கிறது. அவ்வளவுதான்.

அந்த ராத்தா 2021 இல் கேக்கில் தொடங்கினவ. கொரோனாக் காலம், புருசனுக்குத் தொழில் படுத்துவிட்டது. கேக் எடுக்க வந்தவர்கள் "ராத்தா, பூவும் வெச்சுத் தந்தா நல்லம்" என்று கேட்கக் கேட்கப் பூவுக்கு வந்தா. நம்மட மண்ணில் இந்த ரோஸ், கார்னேஷன், ஜெர்பெரா எல்லாம் ஒழுங்காக வராது. அதெல்லாம் குளிர்ப் பகுதிச் சாமான். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் கூடாரங்களில் வளர்க்கிறார்கள். அங்கே ஒரு வியாபாரியோடு பேசி, கார்ட்போட் பெட்டியில் அடுக்கி, கீழே இறங்கும் பஸ்ஸில் ஏற்றச் சொல்வா. கொண்டக்டருக்குத் தனியாக ஏதும் கொடுக்க வேண்டும். பஸ் வரும் நேரத்துக்கு மகன் சைக்கிளோடு சந்தியில் நிற்பான். மலையில் விடிய வெட்டிய பூ நம்மட வெயிலைக் காணும்போது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அதிலும் கச்சான் அடிக்கிற ஜூன், ஜூலையில் பெட்டியைத் திறந்தால் ஆவி பறக்கும் என்று சொல்வா.

பெட்டி வந்த உடனே வேலை தொடங்கிவிடும். ஒவ்வொரு காம்பையும் தண்ணீருக்குள் வைத்துச் சரிவாக வெட்ட வேண்டும். தண்ணீருக்குள் போகும் இலைகளைக் கிள்ளி எடுக்க வேண்டும், விட்டால் அழுகித் தண்ணீர் நாறும். பழைய சோடாக் கூலர் ஒன்றை வாங்கி அதற்குள் வைத்திருக்கிறா. ஒருமுறை அவவின் தங்கச்சி அதற்குள் மாம்பழம் கொண்டுபோய் வைத்துவிட்டா. மறுநாள் பார்த்தால் கார்னேஷன் முழுவதும் சுருண்டு கிடந்ததாம். பழுக்கும் பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயு பூவை வாடவைக்கும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத்தான் தெரியும். அவவுக்கு நட்டப்பட்டுத் தெரிந்தது. 2022 இல் கரண்ட் 13 மணித்தியாலம் வெட்டுப்பட்ட நாட்களில் இரண்டு பெட்டிப் பூவை அப்படியே ஆட்டுக்குப் போட்டவ.

தங்கச்சிக்கு வந்த அந்தப் பூச்செண்டுக்கு எவ்வளவு என்று கணவரிடம் கேட்டேன். கேக் தவிரப் பூவுக்கு மட்டும் 7,900 ரூபா. ராத்தாவிடம் போய் எவ்வளவு கிடைத்தது என்று கேட்டேன். 4,200. பன்னிரண்டு ரோஸ், ஒன்று 200 படி 2,400. கடதாசி, ரிபன், சின்னப் பூ எல்லாம் 350. முந்தின நாள் பெட்டி இறக்கின செலவு 300. மிச்சம் 1,150. அதற்குள் கரண்ட் பில் இருக்கிறது, விற்காமல் வாடுகிற பூ இருக்கிறது. இந்த 1,150 கூட அன்றைக்குக் கைக்கு வரவில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துத்தான் போடுவார்களாம். அன்றைக்கே பூ, மாதக் கடைசியில் காசு!

வீடியோ எடுத்தார்கள் என்பது ராத்தாவுக்குத் தெரியாது. பூவைக் கட்டிக் கொடுத்தா, பக்கத்து ஊரிலிருந்து வந்த பொடியன்கள் எடுத்துப் போனார்கள். பிறகு அந்த வீடியோவில் தன் பூவைப் பார்த்திருக்கா. "அந்தப் புள்ள மொகத்த மறைச்சது நான் கட்டின பூவாலதானே டீச்சர். எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல்ல" என்றா.

கம்பனி எல்லாம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களால்தான் ராத்தாவுக்கு முதல் ஓடர்கள் வந்தன. வெளிநாட்டு கார்டில் காசு எடுக்க அவவிடம் வசதியில்லை, அவர்களிடம் இருக்கிறது. அதற்கொரு பங்கு எடுக்கட்டும். ஆனால் இன்றைக்கு உங்கள் தம்பிக்கோ மச்சானுக்கோ காசைப் போட்டுவிட்டு, "ராத்தாட்டக் கொடுத்திடு" என்று சொல்வதில் என்ன கஷ்டம்? மாதச் செலவுக்குக் காசு அனுப்பும் அதே வழிதானே. வெளிநாட்டிலிருந்து ஊரில் ஆடு வாங்கிக் குர்பான் கொடுக்கிறோம். ஆட்டுக்காரரிடம் நேரே பேசுகிறோம். ஒரு பூச்செண்டுக்கு ஊரில் ஆள் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஊரில் உள்ளவருக்குத் தெரியும் விசயங்கள் கொழும்பில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. முதலில் விலாசம். நம்மட வீடுகளுக்கு இலக்கம் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. பள்ளிக்குப் பின்னால், பழைய அரிசி மில்லுக்கு இடப்பக்கம், இன்னார் மகள் வீடு என்றுதான் நம்மட விலாசம். வெளியூர் டெலிவரிக்காரர் மூன்று தரம் கோல் எடுத்து "எந்த வீடு, கேற் என்ன நிறம்" என்று கேட்ட பிறகு அதில் என்ன சர்ப்ரைஸ்? ராத்தாவுக்குப் பிள்ளையின் பெயரைச் சொன்னால் போதும்.

பிறகு நேரம். கட்டாரில் காலை எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. நீங்கள் நாஷ்டா முடித்துவிட்டு, "இண்டைக்கு வெடிங் டே எல்லுவா" என்று ஞாபகம் வந்து ஒன்பதரைக்கு ஓடர் போட்டால் இங்கே பன்னிரண்டு. வெள்ளிக்கிழமையென்றால் ஜும்ஆவுக்குக் கடையெல்லாம் பூட்டிவிடுவார்கள். கம்பனி ஓடரை எடுத்துவிடும், ஏனென்றால் அவர்களின் கம்ப்யூட்டருக்கு வெள்ளியும் ஒன்று, வியாழனும் ஒன்று. அவதிப்படுவது ராத்தா. நல்ல பூ முடிந்திருக்கும், கையில் கிடக்கும் பூவை வைத்து ஒப்பேற்ற வேண்டும். படத்தில் பார்த்த பூ வரவில்லை என்று நீங்கள் கோபப்படுவீர்கள். இரண்டு நாளைக்கு முதல் சொல்லியிருந்தால் மலையிலிருந்து அதற்கென்றே எடுத்திருப்பா. மனைவியைக் கலியாணம் முடித்த திகதி அன்றைக்குக் காலையில்தான் ஞாபகம் வருகிறதென்றால், அது டெலிவரிக்காரனின் பிழையில்லை தம்பி.

மூன்றாவது, எந்த வீட்டுக்கு எதை அனுப்புவது என்ற அறிவு. போன வருடம் நம்மட பக்கத்தில் ஒரு மௌத்து. மகன் கொழும்பில் வேலை. அவர் வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் சேர்ந்து நல்ல மனதோடு ஒரு மலர்வளையம் அனுப்பியிருக்கிறார்கள், அன்றைக்கே சேர வேண்டும் என்று கூடுதல் காசும் கட்டி. நம்மிடம் ஜனாஸாவை வைத்திருப்பதில்லையே. காலையில் மௌத்தானவரை அஸருக்குள் அடக்கிவிட்டார்கள். மலர்வளையம் வந்தது மஃரிப் நேரம், நாலடி உயரத்தில், ஊதா நிற ரிபனோடு. மகனுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்குள் வைக்க முடியாது, மையவாடிக்குக் கொண்டுபோகவும் முடியாது, அனுப்பியவர்களின் அன்பைக் குப்பையில் போடவும் மனமில்லை. வேலி ஓரமாகச் சாய்த்து வைத்தார். விடியும்போது ஊராட்டு ஆடுகள் அதன் அரைவாசியை முடித்துவிட்டிருந்தன. துக்க வீட்டிலும் மனுசர் சிரித்துவிட்டார்கள்.

அதே மாதிரி ஒரு ஓடர் ராத்தாவுக்கு முன்னர் வந்தது. அவ என்ன செய்தா தெரியுமா? அனுப்பும் ஆளின் நம்பரை வாங்கி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மாத்தயா, இந்த வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியாது, மலர்வளையம் வைக்கும் வழக்கமும் இல்லை, அந்தக் காசுக்குச் சாப்பாடு ஆக்கிக் கொடுத்தால் அவர்களுக்கு ஆறுதல்" என்று சொல்லியிருக்கா. துக்க வீட்டாருக்கு மற்றவர்கள் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது நமக்கு நபிகளார் காட்டித் தந்த வழி. அந்த மாத்தயா சந்தோசமாகச் சம்மதித்தார். சாப்பாட்டை ராத்தாவின் மாமிதான் ஆக்கினா. ராத்தாவுக்குப் பூ வியாபாரம் போச்சு. கம்பனி வேறு, ஓடரைக் குழப்பினது என்று ஏசியது.

சரி, இனி ஊருக்குள் இருக்கும் நம்மவர்களிடம் சில வார்த்தை.

பூ அனுப்புவது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஏன் என்று கேட்கிறீர்கள். மணமுள்ள செடியை ஒருவர் தந்தால் மறுக்க வேண்டாம் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது, மௌலவிமாரிடம் கேட்டுப் பாருங்கள். நம்மட உம்மம்மாமார் மல்லிகை மொட்டைத் தண்ணீர்க் குவளைக்குள் போட்டு வைத்தவர்கள். கலியாணத்துக்குக் காரைதீவுப் பக்கம் ஆளனுப்பிப் பூச்சரம் எடுத்த ஊர் இது. பூவைப் பெண்ணுக்குக் கொடுப்பது எந்தக் காலத்திலும் நமக்குப் புதிதாக இருக்கவில்லை. கடதாசி சுற்றியிருப்பதுதான் புதிது.

வீண்விரயம் என்கிறீர்கள். இது நியாயமான கேள்வி. 7,900 ரூபா நம்மில் பலருக்குக் கிழமைச் செலவு. கடன்பட்டு அனுப்புகிறவர் அனுப்ப வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மனதில் கைவைத்துச் சொல்லுங்கள், ஆண்பிள்ளைகள் சேர்ந்து மாதம் ஒரு தரம் சஹன் போட்டுச் சாப்பிடும்போது இந்தக் கணக்கை யாராவது பார்த்தோமா? மோட்டார் சைக்கிளுக்கு லைட் மாற்றி, சைலன்சர் மாற்றிச் செலவழிக்கும்போது? இரண்டரை வருடம் தனியாகப் பிள்ளைகளைப் பார்த்து, மாமியாரின் பிரஷருக்கு மருந்து எடுத்து, வங்கி, பள்ளிக்கூடம், கிளினிக் என்று அலைந்த ஒரு பெண்ணுக்கு ஒரு பூச்செண்டு வந்தால் மட்டும் எல்லாருக்கும் அரிசி விலை ஞாபகம் வருகிறது.

அந்தத் தங்கச்சியிடம், "பூ வேண்டாம் என்று சொல்லிவிடுவோமா அவரிடம்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னா: "பூ வேணாண்டு நான் சொல்லல்ல டீச்சர். பத்து வருசத்தில அவர் எனக்கு எண்டு அனுப்பின மொத சாமான் அது. மத்தெல்லாம் வீட்டுக்கு, புள்ளைக்கு, உம்மாக்கு. அதக்கூட ஆறுதலாப் பாக்க விடல்லியே."

இந்தப் பதிவை எழுத உட்காரவைத்தது அந்தக் கடைசி வசனம்தான்.

ஆகவே சகோதரர்களே, பூவை அனுப்புங்கள். ஊரில் கட்டுபவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள், இரண்டு நாள் முன்னதாக. நம்மட வெயிலுக்கு ரோஸைவிடக் கார்னேஷனும் செவ்வந்தியும் கூட நாள் நிற்கும், விலையும் குறைவு. பன்னிரண்டு வேண்டாம், ஐந்து போதும். கம்பனி மூலமாகத்தான் அனுப்ப முடியுமென்றால், வீடியோ என்று கிடக்கும் அந்தப் பெட்டியில் டிக்கை எடுத்துவிட்டு, வீடியோ வேண்டாம், ஃபோட்டோவும் வேண்டாம் என்று எழுத்தில் போடுங்கள். அவ சிரித்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டுமா? பூ கிடைத்த பிறகு அவவே, தனக்கு விருப்பமான உடுப்பை உடுத்து, உங்களுக்கு மட்டும் வீடியோ கோல் எடுப்பா. அந்தச் சிரிப்புக்கு வியூஸ் ஒன்று. அது நீங்கள்.

அந்த மாதிரி வீடியோ குறூப்பில் வந்தால், அனுப்பியவரிடம் "இதை எடுங்க காக்கா" என்று ஒரே ஒரு வரி எழுதுவதற்கு நமக்கு என்ன வெட்கம்? அந்தக் குடும்பக் குறூப்பில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்களாம். ஒருவரும் எழுதவில்லை. பார்த்தோம் என்பதற்கு நீல டிக் மட்டும் விழுந்திருந்தது. எனக்கும் வேறொரு குறூப்பில் வந்தது. யார் வீடென்று அப்போது எனக்குத் தெரியாது. நானும் எழுதவில்லை, அழித்துவிட்டுப் போய்விட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வியாழக்கிழமை கணவர் ராத்தாவுக்குத் தன் மச்சான் மூலம் காசு கொடுத்திருக்கிறார். இந்தமுறை விசேஷம் ஒன்றுமில்லை. மஞ்சள் கார்னேஷன் ஐந்து. ராத்தா அதைக் கடைப் பையில் போட்டு, முன் கடப்படியால் போகாமல், வளவின் பின்பக்கத்தால் நடந்துபோய்க் குசினி வாசலில் கொடுத்துவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்திருக்கா. மறுநாள் காலையில் பிள்ளை என் மேசைக்கிட்ட வந்து நின்றாள்.

"டீச்சர், எங்கட வீட்ட பூ இரிக்கி. தண்ணி மாத்துற நான்தான்."

ராத்தாவின் நம்பரைக் கமெண்டில் கேட்க வேண்டாம். இன்பொக்ஸில் வந்து, ஸலாம் சொல்லி, இன்னார் மகன் என்று சொல்லிக் கேளுங்கள். அவவிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன். வெள்ளிக்கிழமை 12 மணியிலிருந்து 2 மணிவரைக்கும் அவ ஃபோன் எடுக்க மாட்டா. பெருநாளுக்கு வேண்டியவர்கள் நோன்பு இருபதுக்குள் சொல்லிவிட வேண்டுமாம். அதற்குப் பிறகு அவவுக்குக் கேக் வேலை.